இருபத்துநாலு புள்ளி ஆறு ரெண்டு

திருத்தங்கல் ரோட்டில் இருக்கிற அந்த லேத் பட்டறையில் முப்பது வருஷமாக யாரும் காகிதத்தைப் பார்த்து வேலை செய்ததில்லை. உடைந்த சாமானைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வருவார்கள். "இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க" என்பார்கள். போட்டுக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் சாம்பிள். அச்சாபீஸ் பல்சக்கரமோ, தீப்பெட்டி ஆபீஸ் தண்டோ, பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிற மெஷினின் ஷாஃப்ட்டோ, சாம்பிள் வந்தால் சாமான் போகும். சாம்பிள் கொண்டுவராதவனுக்கு ஒரு டீயை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பட்டறைக்கு 2003-இல் ஒரு கிறுக்குப் பிடித்தது. பெரிய முதலாளி மாரிசாமி மூட்டுவலியோடு வீட்டில் உட்கார, மகன் ஸ்ரீராம்குமார் நாற்காலிக்கு வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? விருதுநகரில் புதிதாக வந்திருந்த ஒரு பெரிய கம்பெனியின் ஆர்டரைப் பிடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அந்தக் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் கீம்பிள் எல்லாம் அனுப்ப மாட்டார்கள், படம்தான் அனுப்புவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். "இனிமே படம் இல்லாம இங்கன ஒரு லேத்தும் சுத்தக் கூடாது" என்று உத்தரவு போட்டான். படம் என்றால் இன்ஜினியரிங் டிராயிங். அதை வரைய ஒரு ஆளையும் போட்டான். அந்த ஆள்தான் ரோஜா.

ரோஜாவுக்கு இருபத்திரண்டு வயது. பன்னிரண்டாவது முடித்த கையோடு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டப் போனவள். அம்மா குருவம்மாளுக்கு அதே கம்பெனியில் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துகிற ஷெட்டில் வேலை. அம்மாவின் தலையணை உறையில், சாப்பாட்டுத் தட்டில், காது மடலுக்குப் பின்னால் எல்லாம் அலுமினியப் பொடி மினுங்கும். அந்த மினுக்கத்தைக் கண்டால் ரோஜா உடனே ஈரத்துணி தேடுவாள். பயம்தான், வேறென்ன? வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஒரு ஊர்ப் பக்கம் புகை எழும்பும். தெருவே வாசலுக்கு வந்து, எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி என்று விசாரிக்கும். அம்மா கம்பெனி வேனிலிருந்து இறங்குகிற வரைக்கும் ரோஜா தெருமுனையிலேயே நிற்பாள்.

அதனால்தான் சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் மூன்று மாச டிராயிங் வகுப்பு என்று போர்டு பார்த்ததும் போய்ச் சேர்ந்தாள். சேர்ந்த இடத்தில் பாலிடெக்னிக்கில் அரியர் வைத்த பையன்கள் பதினொரு பேர், இவள் ஒருத்தி. வாத்தியார் ஒரு கட்டையை மேஜையில் வைத்து, "இதை முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி, மூன்றையும் வரையுங்கள்" என்றார். பையன்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். ரோஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு வருஷமாக அவள் ஒட்டிய பட்டாசுப் பெட்டிக்கு மேல் லேபிள் ஒன்று, முன் லேபிள் ஒன்று, பக்க லேபிள் ஒன்று. விரித்தால் காகிதம், மடித்தால் பெட்டி. இதைப் போய் ஒரு பாடம் என்று நடத்துகிறார்களே என்று அவளுக்கு ஆச்சரியம்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை, அது வேறு விஷயம். கண்ணுக்குத் தெரிகிற விளிம்புக்கு அழுத்தமான கோடு, உள்ளே மறைந்திருப்பதற்கு விட்டு விட்டு ஒரு கோடு, அளவு சொல்வதற்கு மெல்லிய கோடு, நட்டநடு மையத்துக்கு இன்னொரு தினுசுக் கோடு. ரோஜா எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் இழுத்து வைத்தாள். "அம்மா தாயே, இது மார்கழிக் கோலமா?" என்று வாத்தியார் கேட்டார். மூன்று மாசம் முடிவதற்குள் ஒரு வழியாகக் கோலம் படமானது. பழைய டிராயிங் போர்டு ஒன்றையும் வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வேலைக்கு வந்துவிட்டாள்.

"மூணு மாசம் பாப்பேன். சரியா வந்தா வேலை, இல்லைன்னா கெளம்பிரணும்" என்றான் ஸ்ரீராம்குமார். வீட்டில் குருவம்மாள் அதைவிடத் தெளிவாகச் சொன்னாள். "சரிப்படலைன்னா வேன்ல ஏறிரு. ஏஜென்ட்டுகிட்ட சொல்லி வச்சிருக்கேன். பெட்டி ஒட்டுற எடத்துல ஆளு நெறஞ்சு போச்சாம். மருந்து ஷெட்டுலதான் எடம் இருக்காம்." ரோஜா டிராயிங் போர்டைத் துடைத்து, மறுநாளைக்குப் பென்சில்களைச் சீவி வைத்தாள்.

பட்டறையில் தலைமை டர்னர் சோலைச்சாமி. இருபத்தேழு வருஷமாக ஒரே லேத்தில் நின்று இரும்பு கடைகிறவர். ரோஜாவின் தெருக்காரர், மாமா முறை. முறை மாமன் என்றால் கேலிக்குக் கேட்கவா வேண்டும்? முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"ஏ பிள்ள, படம் வரைய வந்திருக்கியாமே. என்னைய ஒரு படம் வரைஞ்சு குடேன். வீட்டுல மாட்டணும்."

"வரைஞ்சிரலாம் மாமா. முன்னால இருந்து ஒண்ணு, மேல இருந்து ஒண்ணு, பக்கத்துல இருந்து ஒண்ணு. பக்கத்துல இருந்து வரையிறதுக்குத்தான் காகிதம் பத்தாது."

பட்டறையே சிரித்தது. சோலைச்சாமி தன் தொப்பையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அன்றைக்கே மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துவிட்டார் மனிதர்.

கணக்கைத் தீர்க்க ஆடி மாசத்தில் வாய்ப்பு வந்தது. தீபாவளி சீசனுக்குக் காகிதக் குழாய்கள் மலை மலையாகச் சுருட்ட வேண்டிய நேரம். சாத்தூர் ரோட்டில் குழாய் சுருட்டுகிற யூனிட் வைத்திருக்கும் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி, தேய்ந்துபோன ஷாஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். முழ நீளத் தண்டு. ஒரு முனை தடிப்பு, மறுமுனை ஒல்லி. தடித்த முனையில் சக்கரத்தைப் பூட்டுவதற்கு விரல் நீளத்துக்கு ஒரு காடி வெட்டியிருக்கும். பட்டறையில் அதைக் கீ-வே என்பார்கள். நடுப்பகுதி புஷ் என்கிற வளையத்துக்குள் நின்று சுற்றும். "இதே மாதிரி பன்னெண்டு வேணும் தம்பி" என்றார் அண்ணாச்சி.

"படம் போட்டுத்தான் செய்வோம் அண்ணாச்சி" என்றான் ஸ்ரீராம்குமார் பெருமையாக.

ரோஜா அளவு பார்க்கிற வெர்னியரை எடுத்தாள். அவள் தனியாக வரைகிற முதல் படம். மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு இடமாக அளந்தாள். நடுப்பகுதி இருபத்துநாலு புள்ளி ஆறு ரெண்டு மில்லிமீட்டர். மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் ஆறு ரெண்டுதான். அப்படியே எழுதினாள். படத்தைக் கொண்டுபோய் முதலாளியிடம் நீட்டினாள். அவன் கண்களைச் சுருக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "ம்ம்... ம்ம்..." என்று ரெண்டு தடவை முனகிவிட்டு, கீழே சரிபார்த்தவர் என்கிற கட்டத்தில் பெரிதாக ஒரு கையெழுத்துப் போட்டான். படமும் சாம்பிளும் சோலைச்சாமியின் லேத்துக்குப் போயின. நாலாம் நாள் பன்னிரண்டு ஷாஃப்ட்டும் பளபளவென்று லோடு ஏறின.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டும் திரும்பி வந்தன. கூடவே லட்சுமிகாந்தம் அண்ணாச்சியும் வந்தார்.

"ஏன் தம்பி, புது ஷாஃப்ட்டு கேட்டேனா, பளச பாலீஷ் போட்டுக் கேட்டேனா? மாட்டுனா லொடலொடன்னு ஆடுது. சீசன் நேரத்துல என் வயித்துல அடிக்கிறீகளே!"

ஸ்ரீராம்குமார் சோலைச்சாமியைக் கூப்பிட்டான். அவர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு, உலகத்திலேயே அப்பாவியான முகத்தோடு வந்து நின்றார்.

"நான் என்னத்தக் கண்டேன் மொதலாளி? படத்துல இருக்கிறபடிதான் செய்யணும்னீக. செஞ்சேன். இருபத்துநாலு புள்ளி ஆறு ரெண்டுன்னு எளுதியிருந்துச்சு. ஒரு மயிரிழை கூடல, கொறையல. அளந்து பாருங்க."

அளந்து பார்த்தார்கள். ஆறு ரெண்டேதான். அடப்பாவி மனிதா! வருஷக்கணக்கில் உரசித் தேய்ந்த தண்டு அது. புதிதாக இருந்தபோது இருபத்தைந்து இருந்திருக்கும். லேத்தைத் தொட்ட எவனுக்கும் அது தெரியும். பழசை அளந்து புதுசு செய்கிறபோது தேய்மானத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது ரோஜாவுக்குத்தான் யாரும் சொல்லித் தரவில்லை. வகுப்பில் அளந்ததெல்லாம் மரக்கட்டை. தெரிந்தே, வேலை மெனக்கெட்டு, பன்னிரண்டு புதுத் தண்டுகளைத் தேய்ந்த அளவில் கடைந்து வைத்திருந்தார் சோலைச்சாமி.

"தேய்மானத்தையும் சேத்து வரைஞ்சிருக்காய்யா!" என்று யாரோ சொல்ல, பட்டறை விழுந்து விழுந்து சிரித்தது. அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்குப் பெயரே மாறிவிட்டது. "ஏ ஆறு ரெண்டு, டீ குடிச்சியா?" "ஆறு ரெண்டு, ஒன் செருப்பு தேய்ஞ்சிருக்கே, படம் போட்டியா?" ரோஜா சிரித்து வைத்தாள். கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் ஸ்ரீராம்குமார் கூப்பிட்டான். "சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன் ரோஜா. அதுக்கு மேல என்னால முடியாது."

சனிக்கிழமைக்கு இன்னும் நாலே நாள் இருந்தது. மருந்து ஷெட்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அழுது என்ன ஆகப்போகிறது? திரும்பி வந்த ஷாஃப்ட்டில் ஒன்றையும் படத்தின் ஜெராக்ஸையும் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். இன்னும் என்னென்ன தப்புச் செய்து வைத்திருக்கிறோம் என்று தானே பார்த்துவிடுவது என்று முடிவு. பை கனத்தில் தோள் இறங்கியது. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு மண்டைய ஒடைக்கத்தா?" என்றார். "இன்னும் முடிவு பண்ணலண்ணே" என்றாள்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, வீட்டு வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே பாயை விரித்தாள். பாயில் ஒரு பக்கம் தண்டு, ஒரு பக்கம் படம். நீளம் சரி. தடிப்பு மாறுகிற படிகள் சரி. கீ-வே... ரோஜாவுக்குத் திக்கென்றது. கையில் இருக்கிற தண்டில் கீ-வே தடித்த முனையில் இருக்கிறது. படத்தில்? ஒல்லி முனையில்! அன்றைக்குப் பாதி அளந்தபோது டீ வந்தது. குடித்துவிட்டு மீதியை அளப்பதற்குத் தண்டைத் திருப்பிப் போட்டாள். திருப்பிப் போட்டதை மறந்துபோனாள். அந்தப் பக்கத்துக் காடியை இந்தப் பக்கம் வரைந்து வைத்திருக்கிறாள். ஆறு ரெண்டாவது ஆடிக்கொண்டாவது சுற்றும். இந்தப் படத்தின்படி செய்தால் சக்கரத்தை மாட்டவே முடியாது. பன்னிரண்டும் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

"ஐயய்யோ" என்று தலையில் கைவைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. படத்தில் கீ-வே தப்பான முனையில் இருக்கிறது. செய்த தண்டில் சரியான முனையில் இருக்கிறது. படத்தில் இருக்கிறபடி ஒரு மயிரிழை மாறாமல் செய்தாராம்! அடே மாமா! நம்பரை மட்டும் படத்திலிருந்து எடுத்திருக்கிறார். மீதி அத்தனையும் பக்கத்தில் கிடந்த சாம்பிளைப் பார்த்துச் செய்திருக்கிறார். மனிதருக்குப் படம் படிக்கத் தெரியாது.

ரோஜா வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளேயிருந்து குருவம்மாள், "வேலை போற நேரத்துல இவளுக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு?" என்று கேட்டாள்.

சிரித்து முடித்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. இதை முதலாளியிடம் போய்ச் சொன்னால் சோலைச்சாமி மாட்டுவார். கூடவே தன்னுடைய பெரிய தப்பும் வெளியே வரும். அவர் படிக்காமல் செய்ததால்தான் இவள் தப்பித்தாள். இவள் வாயைத் திறந்தால் ரெண்டு பேருமே காலி.

மறுநாள் மத்தியானம், பட்டறைக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் சோலைச்சாமி தூக்குவாளியைத் திறந்தபோது ரோஜா எதிரே போய் உட்கார்ந்தாள்.

"மாமா, ஒரு சந்தேகம். இந்தப் படத்துல கீ-வே எந்த முனையில இருக்கு?"

சோலைச்சாமி காகிதத்தைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "தடிச்ச முனையிலதான். இதுகூடத் தெரியாமலா வரைஞ்ச?"

"நல்லா பாருங்க மாமா."

"எத்தனை தடவை பாக்க? தடிச்ச முனையிலதான்."

"நான் ஒல்லி முனையில போட்டிருக்கேன்."

சோற்றுக் கை நின்றது. "அப்ப நீ தப்பால்ல போட்டிருக்க!"

"ஆமா மாமா, தப்பா போட்டிருக்கேன். நீங்க மாறாம செஞ்சேன்னீகளே, அப்புறம் எப்படிச் சரியா வந்துச்சு?"

சோலைச்சாமி சுற்றுமுற்றும் பார்த்தார். காக்கா மட்டும்தான் இருந்தது. குரல் இறங்கிப்போனது. "சத்தம் போடாத தாயி. எட்டாங்கிளாசு படிச்சவன் நான். நம்பரு தெரியும். அந்தக் கோட்டுக்காட்டுக்குள்ள பூந்தா கண்ணக் கட்டுது. இருபத்தேளு வருசம் லேத்துல நின்னுட்டு, நேத்து வந்த பிள்ளைகிட்ட வந்து, இது என்னதுன்னு கேக்கவா? நீ வந்ததும் என்னைய வெளிய அனுப்பிருவானுகன்னு நெனச்சேன். அதான் உன்னைய மொதல்ல அனுப்பிரலாம்னு பாத்தேன்."

ரோஜாவுக்குக் கோபம் வந்தது. "நான் மருந்து ஷெட்டுக்குப் போகணும் மாமா. தெரியுமா உங்களுக்கு?"

அது அவருக்குத் தெரியாது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. கடைசியில், "பன்னெண்டு தண்டையும் தூக்கிப் போட வேண்டியதில்ல" என்றார். "தண்டு சின்னதாப் போச்சுன்னா, அதைச் சுத்தியிருக்கிற புஷ்ஷை அந்த அளவுக்குச் சின்ன ஓட்டையாப் போட்டுட்டாப் போச்சு. ஆட்டம் நின்னுரும். பன்னெண்டு புஷ்ஷுதானே, வெள்ளிக்கிளமைக்குள்ள முடிச்சிரலாம்."

"அப்ப புஷ்ஷுக்குப் படம் வரையிறேன். நீங்க அதைப் படிச்சுத்தான் செய்யணும். சாம்பிள் கெடையாது."

"ஏ பிள்ள, வெளயாடாத!"

"மொதலாளிகிட்ட போகவா?"

சோலைச்சாமி தண்ணீர் குடித்தார். "வரைஞ்சிட்டு வா" என்றார்.

வரைந்துகொண்டு வந்தாள். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். பக்கத்தில் ஒரு செவ்வகம், அதற்குள் மேலும் கீழும் சாய்வுக் கோடுகள். "என்னது இது, மழை பெய்யிதா?" என்றார் சோலைச்சாமி. ரோஜா பையிலிருந்து ஒரு காகிதக் குழாயை எடுத்தாள். மருந்து செலுத்தாத வெறும் குழாய், திருத்தங்கலில் எந்த வீட்டிலும் கிடப்பது. அதை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். "என்ன தெரியுது?" "ஓட்டை." "வட்டத்துக்குள்ள வட்டம் தெரியுதா?" "தெரியுது." பிளேடால் அந்தக் குழாயை நீளவாக்கில் ரெண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கவிழ்க்காமல் தரையில் வைத்தாள். "இப்ப மேல இருந்து பாருங்க. பிளேடு பட்ட எடம் ரெண்டு பக்கமும் பட்டையா இருக்கா? அதான் அந்த மழை. வெட்டுப்பட்ட எடத்துல மட்டும் கோடு போடுவாக. நடுவுல கோடு இல்லையா? அங்கன ஒண்ணும் கெடையாது, வெறும் ஓட்டை."

சோலைச்சாமி குழாயைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி குழாயைப் பார்த்தார். முகம் மாறியது. "எளவு, இம்புட்டுத்தானா?" என்றார். சத்தமாகவே சொல்லிவிட்டார். அப்புறம் ஒரு விரலைப் படத்தின் மேல் வைத்து, "அது சரி, வெளி வட்டத்துக்கு அளவு போட்டிருக்க, நீளத்துக்கு எங்க போட்டிருக்க? நான் என்ன ஜோசியமா பாக்கணும்?" என்று கேட்டார். ரோஜா பார்த்தாள். போடவில்லைதான். நாக்கைக் கடித்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள்.

ரெண்டு நாள் இப்படிப் போனது. மத்த ஆட்கள், ஆறு ரெண்டும் சோலைச்சாமியும் வேப்ப மரத்தடியில் என்ன ரகசியம் பேசுகிறார்கள் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு புஷ்ஷும் ஷாஃப்ட்டோடு போய்ச் சேர்ந்தன. சனிக்கிழமை காலையில் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி போன் போட்டார். ஒரு ஆட்டம் இல்லை, வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது என்றார்.

ரோஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினொரு மணிக்கு ஸ்ரீராம்குமார் அவளையும் சோலைச்சாமியையும் அறைக்குக் கூப்பிட்டான்.

"சோலைச்சாமி அண்ணே, மானத்தைக் காப்பாத்திட்டீக. நானும் ராத்திரி பூரா யோசிச்சேன். அப்பா காலத்துல சாம்பிளை வச்சே ஓடுச்சு. இந்தப் படம் கிடமெல்லாம் நமக்கு ஒத்துவராது. பளைய மாதிரியே இருந்துருவோம்." பிறகு ரோஜாவின் பக்கம் திரும்பினான். முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னான். "நீ திங்கக்கிளமையில இருந்து வர வேண்டாம்மா."

என்ன அநியாயம் பாருங்கள்! படத்தைக் காப்பாற்றுவதற்காகச் செய்த புஷ், படத்தையே ஒழித்துக்கட்டிவிட்டது. சோலைச்சாமி வாயைத் திறந்தார். "மொதலாளி, அந்த புஷ்ஷே வந்து..." என்று ஆரம்பித்தார். "நீங்க அடக்கமா பேச வேண்டாம்ணே" என்று ஸ்ரீராம்குமார் கையமர்த்தினான்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? ரோஜா பையிலிருந்து ஷாஃப்ட்டின் படத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். மூலையில் கிடந்த பழைய சாம்பிள் தண்டையும் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தாள்.

"போறேன் மொதலாளி. போறதுக்கு முன்னால ஒண்ணு. ஆறு ரெண்டு சின்னத் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இந்தப் படத்துல பண்ணியிருக்கேன். அதை நீங்க இன்னும் கண்டுபிடிக்கல. கண்டுபிடிச்சு நாலு வார்த்தை திட்டிட்டு அனுப்புங்க. மனசு ஆறும்."

ஸ்ரீராம்குமார் படத்தைப் பார்த்தான். கண்களைச் சுருக்கினான். தலையைச் சாய்த்தான். "ம்ம்..." என்றான். தண்டைக் கையில் எடுத்தான், வைத்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அவன் நெற்றி மட்டும் வேர்த்தது. ஐந்து நிமிஷம் போயிருக்கும்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றான்.

"கீ-வே எந்த முனையில மொதலாளி?"

"தடிச்ச முனையில."

"அது தண்டுல. படத்துல?"

"படத்துலயும் தடிச்ச..." குரல் பாதியில் இறங்கியது.

"ஒல்லி முனையில போட்டிருக்கேன்" என்றாள் ரோஜா. "தண்டைத் திருப்பிப் போட்டு அளந்துட்டு, திருப்பினதை மறந்துட்டேன். தப்பா வரைஞ்சது நான். சரின்னு சொன்னது யாருன்னு அந்தக் கட்டத்துல பாருங்க." அவள் விரல் கையெழுத்தின் மேல் போய் நின்றது. "படத்தைப் பாக்காமலே செஞ்சது மாமா."

"ஏ பிள்ள, என்னைய எதுக்கு இளுக்க?" என்று சோலைச்சாமி பதறினார்.

ஸ்ரீராம்குமாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் முதலாளி மகன், லேசில் விடுவானா? "அப்ப நான் சொல்றதுதானே சரி? படத்தைப் பாக்காம செஞ்சதாலதான் பன்னெண்டும் தப்பிச்சிருக்கு!"

"தப்பிச்சது சாம்பிள் இருந்ததால மொதலாளி. விருதுநகர்க்காரங்க சாம்பிளா அனுப்பப் போறாக?" ரோஜா மேஜை மேல் கிடந்த காலண்டரை நகர்த்தினாள். அதன் அடியில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. கூரியர்க்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் அவள்தான். "பத்து நாளா அவுக அனுப்புன படம் இதுக்கு அடியில கெடக்கு. ஏன் கெடக்குன்னு இப்பத்தான் எனக்கும் புரியுது. நீங்க எனக்கு வேலை தந்ததே இதுக்காகத்தான். என்னைய அனுப்பிட்டு இதை யாரு படிக்கப் போறீக?"

ஸ்ரீராம்குமார் கவரை எடுத்தான், புரட்டினான், பிரிக்கவில்லை. பிறகு ஷாஃப்ட்டின் படத்தை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

"இது இந்த ரூமைத் தாண்டக் கூடாது" என்றான். "தப்பைத் திருத்திப் புதுசா வரைய எம்புட்டு நேரமாகும்?"

"எனக்கு அரை நாள் போதும் மொதலாளி. நீங்க படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட எம்புட்டு நாளாகும்னுதான் தெரியல."

சோலைச்சாமி இருமுவது போலத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஸ்ரீராம்குமார் அவரை முறைத்தான், ரோஜாவை முறைத்தான், பிறகு எழுந்து போய்க் கதவைத் தானே சாத்திவிட்டு வந்தான். கவரைக் கிழித்துப் படத்தை மேஜையில் விரித்தான். அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காரு" என்றான். ஒரு விரலைப் படத்தின் மேல் பயந்து பயந்து வைத்தான். "மொதல்ல இதைச் சொல்லு. இது மேல இருந்து பாத்ததா, முன்னால இருந்து பாத்ததா?"

ரோஜா வாயைத் திறப்பதற்குள் சோலைச்சாமி முந்திக்கொண்டார்.

"இதுகூடத் தெரியாதா மொதலாளி? மேல இருந்து பாத்தது!"

"அது முன்னால இருந்து பாத்தது மாமா" என்றாள் ரோஜா.